பருவமும் கருவும்

மழை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும் என்பதை உழவர் அறிவர். பருவம் பிறழ்ந்தால் மகப்பேறும் பிறழுமா? எஹலியகொடைத் தோட்டப்புறங்களில் வாழும் நாம் இதற்கு விடைதேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சப்பிரகமுவையின் வரலாறே விடை கூறும்.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. ஓடும் நீரில் பெருகாத நுளம்பு, தேங்கிய நீரில் பெருகிற்று. அவ்வாண்டு அக்டோபரில் மலேரியா மூண்டது. வறண்ட வலய மக்களைப்போல் அந்நோயுடன் பழகிய உடல்வாகு ஈரவலய மக்களுக்கு இல்லை. நமது அயல் மாவட்டமாகிய கேகாலையும் குருநாகலும் பெரிதும் அழிவுற்றன. சில திங்களுக்குள் இலங்கையில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

இக்கொடுமை கருவையும் விட்டுவைக்கவில்லை. மலேரியா கருவுற்றவளின் குருதியைக் குன்றச் செய்யும். கருச்சிதைவையும் குறைப்பிரசவத்தையும் பெருக்கும். 1935, 1936ஆம் ஆண்டுகளில் பிறப்பு வீதம் தாழ்ந்தது. 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன.

பழி முழுவதையும் வானத்தின்மேல் சுமத்தலாமா? 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இறப்பர் விலையை வீழ்த்தி, வேலையையும் கூலியையும் சுருக்கியிருந்தது. பசித்த உடலிலேதான் காய்ச்சல் புகுந்தது. இதை உணர்ந்தே சூரியமல் இயக்கத்தினர் மருந்தோடு உணவையும் ஏந்திக் கிராமங்களுக்குச் சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முன்னின்றோர். 1936இல் ருவன்வெல மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியதில் அத்தொண்டின் நினைவுக்கும் பங்குண்டு.

பின்னர் நாடெங்கும் சுகாதாரப் பணி விரிந்தது. 1946 முதல் டி.டி.டி. பரவலாகத் தெளிக்கப்பட்டது. 2016இல் மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. பருவமழை இன்றும் பொய்க்கிறது; ஆயினும் 1934 திரும்பவில்லை. மாறியது வானமன்று, சமுதாயத்தின் ஏற்பாடே.

இன்று அதே வினா குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களில் எழுகிறது. ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. கோடையில் எடுத்த சூல்முட்டைகளிலிருந்து உருவாக்கி உறையவைத்த முளையங்கள், இலையுதிர் காலத்து முட்டைகளிலிருந்து உருவானவற்றைக் காட்டிலும் உயிருள்ள குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் மிகுந்திருந்ததாம். அதேவேளை, முளையத்தைக் கருப்பையில் வைத்த நாள் மிக வெப்பமானதாயின் வாய்ப்புக் குறைந்தது. ஒரு நகரின் பதிவுகளைக்கொண்டு இருபருவ மழை பெய்யும் நம் நாட்டுக்கு விதி வகுத்தல் இயலாது. ஆயினும் பருவம் கருவைத் தீண்டக்கூடும் என்னும் எண்ணத்தை அறிவியல் புறந்தள்ளவில்லை.

நமது தோட்டத்துப் பெண்ணுக்கோ பருவம் வேறு வழியாக வருகிறது. மழை கொட்டினால் பால்வெட்டு நிற்கும். அன்றைய பேரும் போகும். சிகிச்சைக்கென நகரம் சென்றாலும் நாட்கூலி போகும். குழந்தை இல்லையெனில் லயத்தில் ‘மலடி’ என்ற வசை அவளுக்கே. ஆடவனைச் சோதிக்க வேண்டும் என்பார் அரியர். எம்மாதம் ஏற்றது என்று ஆராய்வோர் ஆராயட்டும். எம்மாதத்திலும் மருத்துவரை நாட இயலாதவளுக்கு அவ்வாராய்ச்சி என்ன பயன் தரும்? அவளுக்கும் மருத்துவத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே நம் முன்னுள்ள பணி.