தோட்டா மறுநிரப்பல்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர், புதிய வெடிமருந்து, புதிய குண்டு ஆகியவற்றைப் பொருத்தி, அதை மறுபடியும் சுடத்தக்கதாக ஆக்கும் வேலை தோட்டா மறுநிரப்பல் எனப்படும். அமெரிக்காவில் இது வீட்டு கராஜில் செய்யும் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அங்கே கூட்டரசு உரிமம் எதுவும் கேட்பதில்லை. ஜெர்மனியில் வகுப்பில் படித்துத் தேறி, வெடிபொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அனுமதி பெற்றவர் மட்டுமே செய்யலாம். இந்தியாவில் உரிமமில்லாமல் செய்தால் அது ஆயுத உற்பத்தி, சிறைக் குற்றம். பெங்களூரில் கைத்துப்பாக்கி சுடுதலில் இறங்கும் ஒருவர் அயல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ‘முதலில் எந்த பிரெஸ் வாங்கலாம்’ என்று யோசிக்கத் தொடங்கினால், இந்த வேறுபாட்டை முதலில் தெரிந்துகொண்டாக வேண்டும்.

தோட்டாவின் அமைப்பு

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: கூடு, அதன் அடியில் பொருத்திய பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. விசையை அழுத்தியதும் ஊசி பிரைமரைத் தட்ட, அதன் பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. வாயுவின் அழுத்தம் குண்டை முன்னே தள்ளுகிறது. அதே அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்குகிறது. நான்கில் கூடு ஒன்றுதான் மிஞ்சுகிறது. விலை கூடிய உறுப்பும் அதுதான். மறுநிரப்பலின் சிக்கனம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

எல்லாக் கூடுகளும் மறுநிரப்பலுக்கு ஆகா. .22 எல்.ஆர். தோட்டாவுக்குத் தனி பிரைமர் கிடையாது; பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் சுடுவது இந்த .22 தான். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியிலும் அதுவே. ஆக, சர்வதேசப் பிஸ்டல் போட்டிகளில் மறுநிரப்பல் என்ற பேச்சுக்கே இடமிருப்பது 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் மட்டும். அது ஒலிம்பிக்கில் இல்லை. உலகப் போட்டியிலும் தேசியப் போட்டியிலும் உண்டு. குண்டின் விட்டம் 7.62 முதல் 9.65 மி.மீ. வரை இருக்கலாம் என்பது விதி. பெரும்பாலோர் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவில், முனை தட்டையான வாட்கட்டர் குண்டு வைத்துச் சுடுகிறார்கள். தட்டைமுனை அட்டையில் வட்டமாக வெட்டிக்கொண்டு போவதால் புள்ளி பார்ப்பது எளிது.

சென்டர் ஃபயர் கூடுகளிலும் இரண்டு சாதி. பாக்சர் வகையில் பொறி செல்ல நடுவே ஒரே துளை. ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் கழன்று விழுந்துவிடும். பெர்டன் வகையில் ஓரங்களில் இரண்டு துளைகள், நடுவே பித்தளை மேடு, கழற்றுவது பெரும்பாடு. பாக்சர் பிரிட்டிஷ் ராணுவத்தின் எட்வர்ட் பாக்சர் உருவாக்கியது, பெர்டன் அமெரிக்கரான ஹிராம் பெர்டனுடையது. இரண்டும் 1860களில் வந்தவை. ஆனால் அமெரிக்கா பாக்சரைப் பிடித்துக்கொண்டது, பிரிட்டனின் .303 பெர்டனோடு போயிற்று. அமெரிக்காவில் மறுநிரப்பல் இவ்வளவு பரவியதற்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம்.

கருவிகள்

மறுநிரப்பு மேசையின் நடுநாயகம் பிரெஸ். நெம்புகோலை இழுத்தால் கூடு மேலேறி, மேலே திருகியிருக்கும் ‘டை’ என்ற எஃகு அச்சுக்குள் நுழைகிறது. முதல் டை பழைய பிரைமரைத் தள்ளி, விரிந்த கூட்டை அளவுக்குக் கொண்டுவரும்; இரண்டாவது, குண்டு உட்கார வசதியாக வாயைச் சற்றே அகட்டும்; மூன்றாவது, குண்டை உரிய ஆழத்தில் இருத்தி வாயை இறுக்கும். இந்த டைகளின் மரைக்குப் பொது அளவு உண்டு: எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் ஒரு கம்பெனியின் டை இன்னொன்றின் பிரெஸ்ஸில் பொருந்தும். டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை வாங்கினால் .32, .38 போன்ற நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு எண்ணெய் தடவித் துடைக்கும் வேலை மிச்சம்.

பிரெஸ்ஸில் மூன்று வகை. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு நேரத்தில் ஒரு டை. கூடுகள் அத்தனையையும் ஒரு படி முடித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். டரட் பிரெஸ்ஸில் டைகள் ஒரு சுழல்தட்டில் நிற்கும். தட்டைத் திருப்பினால் போதும். புரோகிரசிவ் பிரெஸ்ஸில் பல கூடுகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு படிகளில் நகர்ந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வந்து விழும். லீ, ஆர்.சி.பி.எஸ்., ஹார்னடி, லைமன், டில்லன் ஆகியவை பெயர்பெற்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்கள். ரிச்சர்ட் லீ 1958இல் தொடங்கியது பிரெஸ்கூட இல்லை; சுத்தியலால் தட்டி வேலை வாங்கும் கையடக்கக் கருவி. மைக் டில்லனின் பெயர் வேகமான புரோகிரசிவ் இயந்திரங்களோடு ஒட்டிக்கொண்டது.

புதியவருக்கு ஏற்றது சிங்கிள் ஸ்டேஜ் என்பதே மரபான கருத்து; அது சரியானதும்கூட. புரோகிரசிவில் நாலைந்து காரியங்கள் ஒரே இழுப்பில் நடப்பதால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்குட்டியால் முடியாது. டரட் வாங்கி, பழகும்வரை அதைச் சிங்கிள் ஸ்டேஜாக ஓட்டுவது என்ற நடுவழியும் உண்டு.

ஆனால் கைக்காசு செலவழிக்க வேண்டிய இடம் பிரெஸ் அல்ல, தராசு. மருந்தை அளக்கும் அலகு கிரெய்ன். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு, அதாவது ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குச் சில கிரெய்ன்களே போதும், அதில் பத்தில் ஒரு பங்கு கிரெய்ன்கூடக் கணக்கில் வரும். பொற்கொல்லர் தராசைப் போன்ற பீம் தராசு மெதுவானது, ஆனால் அதற்கு மின்சாரக் கவலை இல்லை, மின்விசிறிக் காற்றைப் பற்றிய கவலை மட்டும் உண்டு. டிஜிட்டல் தராசு வாங்கினால் சரிபார்க்கும் எடைக்கல்லும் கூடவே வேண்டும். அடுத்தது அச்சிட்ட மறுநிரப்புக் கையேடு. மருந்து, குண்டு ஆகியவற்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் பரிசோதித்த அளவுகள் அதில் இருக்கும். கேள்விப்பட்ட அளவை நம்புவது இந்த வேலையில் கண் போகும் வழி. வெர்னியர் காலிப்பர், கூடுகளை நிறுத்த மரத்தட்டு, தவறாக நிரப்பியதைப் பிரிக்கும் சுத்தியல் வடிவப் புல்லர், கூடுகளை மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் தூளில் உருட்டித் துலக்கும் டம்ளர், கண்ணைக் காக்கும் கண்ணாடி. இவ்வளவுதான் பட்டியல். மற்ற அலங்காரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆபத்துகளில் இரண்டு பெரியவை. மருந்தே விழாத தோட்டாவில் பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். மற்றது இரட்டை மருந்து. கைத்துப்பாக்கிக் கூட்டில் உரிய அளவு மருந்து பல சமயம் பாதி இடத்தைக்கூட நிறைக்காது. இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். அதனால்தான் குண்டை இருத்துமுன் வரிசையாக நிறுத்திய கூடுகளுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதை அனுபவசாலிகள் விடுவதில்லை. மூன்றாவது, சத்தமில்லாதது: ஈயம். பிரைமர் புகையிலும் டம்ளர் தூசியிலும் ஈயம் உண்டு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் இந்த வேலை வேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

இந்தியச் சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ‘தோட்டா முதலான வெடிபொருள்’ என்பதற்குத் தரும் வரையறை, 2ஆம் பிரிவில், மிக அகலமானது. துப்பாக்கிக்கான மருந்து நிரப்பலும் அதன் துணைப்பொருள்களும் அதில் அடக்கம். தோட்டாவின் பாகங்களும் அடக்கம். தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம். அதாவது, ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாமல் மேசையில் திருகி வைத்த பிரெஸ்ஸே சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். மறுநிரப்பல் பற்றி இந்தியாவில் பேசும் பலரும் மருந்தும் பிரைமரும் கிடைக்காததைத்தான் தடையாகச் சொல்கிறார்கள். உண்மையான தடை அதற்கு முன்பே, கருவியிலேயே தொடங்கிவிடுகிறது.

3ஆம் பிரிவின்படி உரிமமில்லாமல் தோட்டா வைத்திருக்கக் கூடாது. 5ஆம் பிரிவின்படி உரிமமில்லாமல் தயாரிக்கக் கூடாது. 10ஆம் பிரிவின்படி உரிமமில்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது. வெளிநாட்டு இணையக் கடையில் பிரெஸ் ஆர்டர் போடுவதையும் மேற்சொன்ன வரையறையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் தண்டனையை ஏற்றியது: உரிமமற்ற தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கைத்துப்பாக்கி உரிமம் கையில் இருப்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. வைத்திருக்கும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. வெடிமருந்து என்பதால் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் தனியாக வந்து நிற்கும். அதை நடத்தும் அமைப்பின் தலைமையகம் நாகபுரியில்.

கர்நாடகத்தில் அடிக்கடி எழும் குழப்பம் ஒன்று உண்டு. குடகின் கொடவ இனத்தவருக்கும் அங்கே ஜம்மா எனும் பரம்பரை நிலவுரிமை உடையோருக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே துப்பாக்கி உரிமத்தில் விலக்கு இருக்கிறது. மத்திய அரசு 2019இல் அதை 2029 வரை நீட்டித்தது, கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. அந்த விலக்கு துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றியது. தோட்டா செய்துகொள்ளும் சலுகையாக அதை யாரும் எடுத்துக்கொள்ள இடமில்லை.

சுடுதளத்தில் பொறுக்கிய ஒரு காலிக் கூடு பையில் கிடந்தால்? மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. தெரிந்தே வைத்திருந்தாரா என்பதும் பார்க்கப்பட வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பிரெஸ் ஒன்றை வைத்துக்கொண்டு கூடுகளையும் சேர்ப்பவருக்கு இந்த விலக்கின் நிழல் எட்டாது. விமானம் ஏறுமுன் பையை உதறிப் பார்ப்பது எப்படியும் நல்லது.

மருந்தும் தோட்டாவும் வருமிடம்

இந்தியாவில் துப்பாக்கி மருந்து அரசு ஆலைகளின் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. நீலகிரியில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மலை ரயில் நின்று போகும் அருவங்காடு, 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் ஆலையால் வளர்ந்த ஊர். நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த புகையற்ற மருந்துக்கு அது பெயர்போனது. புனே அருகே கட்கியில் 1869 முதல் தோட்டா ஆலை உண்டு. 2021 அக்டோபரிலிருந்து இவை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் கான்பூரில் தனியார் தோட்டா ஆலை ஒன்று பெரிய அளவில் திறக்கப்பட்டது. ஆனால் இந்த ஆலைகளின் மருந்தும் பிரைமரும் சில்லறையாகக் கடைக்கு வருவதில்லை.

போட்டியாளர்களுக்கு இறக்குமதித் தோட்டா கிடைக்கும் முறையான வாசல் 1951இல் தொடங்கிய இந்திய தேசிய ரைஃபிள் சங்கமும் அதன் மாநிலக் கிளைகளும். 9 மி.மீ. பாராபெல்லம் இங்கே தடைசெய்யப்பட்ட வகை. உலகெங்கும் மறுநிரப்பிகள் அதிகம் நிரப்பும் தோட்டா அதுதான் என்பதால், அயல்நாட்டு அறிவுரைகளில் பெரும்பகுதி இந்திய வாசகருக்குப் பொருந்துவதே இல்லை. சாதாரணக் கைத்துப்பாக்கி உரிமதாரருக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 வகைகள்.

பெங்களூரில் தொடங்குவது

மறுநிரப்பல் மேசைக்கு ஒதுக்கிய பணத்தை 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் போடுவதே புத்திசாலித்தனம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்தால் போதும். இதன் குண்டு காற்றழுத்தத்தில் பறக்கும் ஈயப் பெல்லட். கூடும் இல்லை, பிரைமரும் இல்லை, நிரப்புவதற்கு எதுவுமே இல்லை. போட்டி பிஸ்டலின் எடை 1,500 கிராமுக்கு மிகக் கூடாது, விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. விட்டம்தான், அதில் பெல்லட்டை இருத்தப் பழகவே ஒருவருக்குச் சில ஆண்டுகள் போகும். மறுநிரப்பிகள் தேடும் துல்லியம் முழுவதும் இங்கே சுடுபவரின் கையிலும் மூச்சிலும்தான் இருக்கிறது. பெங்களூரின் பிரகாஷ் நஞ்சப்பா 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றது இந்தப் பிரிவில். மனு பாக்கரின் 2024 பாரிஸ் வெண்கலங்கள் இரண்டும் ஏர் பிஸ்டலில் வந்தவை.

கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பிஸ்டல் வாங்கக் கூடாது. ஸ்டேயர், மொரினி, வால்தர், பார்டினி ஆகியவற்றில் எது சிறந்தது என்ற வாதம் அதற்குப் பிறகுதான். ஒரு கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள பிஸ்டலிலேயே சில மாதம் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது காசை மிச்சப்படுத்தும்.

.22க்கோ .32க்கோ நகர விரும்புகிறவர் 21 வயது நிறைந்து, பெங்களூர் மாநகரக் காவல் ஆணையரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கர்நாடக மாநில ரைஃபிள் சங்கத்தின் வழியாகப் போட்டிகளில் சுட்டுத் தகுதி பெற்றவருக்குத் துப்பாக்கி எண்ணிக்கையிலும் தோட்டா அளவிலும் மற்றவர்களைவிடக் கூடுதல் சலுகை உண்டு. சர்வதேசப் பதக்கம் வென்றவர் 12 வரை வைத்துக்கொள்ளலாம் என 2020இல் விதி தளர்த்தப்பட்டது. அந்தச் சலுகைகள் எவற்றிலும் மறுநிரப்பல் இல்லை.