மழைநாட்டில் ஒரு பாலை: மேயோவின் நிலமும் வரலாறும்

நிலத்தை முதல், கரு, உரி என மூவகையாய்ப் பகுத்துக் காண்பது தொல்காப்பிய நெறி. தமிழ் மண்ணுக்கென வகுக்கப்பெற்ற இந்நெறி, தொலைவிலுள்ள ஒரு நாட்டுப்புறத்தை அறியவும் துணைசெய்கிறது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மேயோ அத்தகையது. கவுண்டி என அழைக்கப்படும் அது, நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு.

முதல்

மேயோவின் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல்; தென்மேற்கே 814 மீட்டர் உயர்ந்த மவீல்ரே மலை; கிழக்கே புல்வெளி. மழை ஓயாத நிலம். வடகடலோரத்தில் பெரும்பரப்பை ஈரக் கரிச்சதுப்பு மூடியுள்ளது. 1930களில் அங்கு எரிபொருளுக்காகச் சதுப்பை வெட்டிய பள்ளியாசிரியர் பேட்ரிக் கோல்ஃபீல்டு, அதன் அடியில் கற்கள் வரிசையாய்க் கிடப்பதைக் கண்டார். பின்னர் அகழ்ந்தபோது பழங்கால வயல்களைப் பிரித்த கற்சுவர்கள் வெளிப்பட்டன. அவை புதிய கற்காலத்தவை என ஆய்வாளர் பலர் கருதுவர். கேஜா வயல்கள் என்னும் அவை, உழவு அம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்குச் சான்று.

கரு

தெய்வம் கூறின், ஆண்டுதோறும் சூலை இறுதி ஞாயிறன்று அடியார் ஏறும் குரோ பேட்ரிக் மலை. யாழ் கூறின், கண்ணொளி இழந்து, ஊர்தோறும் பிடில் இசைத்துப் பாடித் திரிந்த கவிஞர் ராஃப்டரி. மேயோவில் பிறந்து 1835இல் மறைந்த அவர், பாணர் மரபை நினைவூட்டுபவர். உணவோ உருளைக்கிழங்கு ஒன்றே. நிலம் பெருங்கிழாருக்கு உரியது, உழவர் குத்தகையாளர். தானியமும் கால்நடையும் குத்தகைக்குப் போயின. குடும்பத்தின் வயிற்றுக்குச் சிறு துண்டில் விளைந்த கிழங்கே எஞ்சியது. அறுவடைக் காலத்தில் பலர் கூலிக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து சென்றனர்.

உரி

1845இல் கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருக்க, மக்கள் பசியால் மடிந்தனர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர் அதைத் துறந்தாலன்றி அரசின் உதவி பெற இயலாது என 1847ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1849 மார்ச்சில் லூயிஸ்பர்க்கிலிருந்து உதவி நாடி டெல்ஃபி மாளிகைவரை நடந்த ஏழைகளில் பலர், டூலாக் ஏரிக்கரை வழியிலேயே வீழ்ந்தனர். 1841இல் 3,88,887 ஆக இருந்த மேயோவின் மக்கள்தொகை 1851இல் 2,74,499 ஆயிற்று. பத்தே ஆண்டில் பத்தில் மூவர் இல்லை.

வேனில் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் வழி அறிந்த செய்தி. மேயோவில் வெயில் காயவில்லை. பயிர்நோய் இயற்கையின் கொடுமை. அதைப் பஞ்சமாக்கி, மழைநாட்டைப் பிரிவின் நிலமாக மாற்றியவை உடைமைமுறையும் சட்டமும்.

இதனை உணர்ந்தவர் மைக்கேல் டேவிட். 1846இல் மேயோவின் ஸ்ட்ரேட் ஊரில் பிறந்த அவர், நான்கு வயதில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டார். பதினொன்றாம் வயதில் இங்கிலாந்துப் பஞ்சாலையில் வலக்கையை இழந்தார். 1879இல் காசில்பாரில் அவர் முன்னின்று அமைத்ததே நிலக்கழகம். மறு ஆண்டு, குத்தகை குறைக்க மறுத்த பெருங்கிழாரின் முகவர் கேப்டன் பாய்காட்டுக்கு வேலைசெய்யவோ பொருள் விற்கவோ மாட்டோம் என மக்கள் ஒதுங்கினர். அவர் விளைச்சலை அறுக்க வெளியிலிருந்து ஏறத்தாழ 50 பேரும், அவர்க்குக் காவலாக ஏறத்தாழ 1,000 படைவீரரும் வரவேண்டியதாயிற்று. அவர் பெயரே புறக்கணிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லானது. 1905இல் வங்கச் சுதேசி இயக்கம் அச்சொல்லை ஏந்தியது. அவ்வியக்க அலையில் 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் கப்பல் நிறுவனம் தோன்றியது.

1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் குத்தகையாளர் நிலத்தை விலைக்கு வாங்க வழி பிறந்தது. ஆயினும் புலம்பெயர்வு நிற்கவில்லை. 1971இல் மக்கள்தொகை 1,09,525 ஆகச் சுருங்கி, 2022இல் 1,37,970 ஆக மீண்டது. உரிமை வந்தது, போனவர் மீளவில்லை. ஒரு நிலத்தைப் பாடுவோர் அதன் மலையையும் மழையையும் மட்டும் பாடினால் போதாது. அந்நிலம் யார் கையில் இருந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.