வாகனம் இல்லாத வீதிகள்

இன்றைய உரை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறது.

என்னோடு ஒன்றாகப் படித்து, இப்போது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் பேசினார். அங்கிருந்து பாத் நகர் வரை சைக்கிளில் போய்வந்தாராம். வழிநெடுக ஒரு காரோ லொறியோ குறுக்கிடவில்லையாம். மரநிழல், பறவைச் சத்தம், இடையில் ஒரு சுரங்கப்பாதை. "மச்சான், அந்த நாளையில எங்கட ஜெயபுரம் றோட்டு கிடந்த மாதிரியே கிடந்தது" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த ஒப்புமை பல நாட்களாக மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டும் வாகனம் இல்லாத வீதிகள்தாம். அவை அப்படியான கதைகளோ வேறு வேறு.

முதலில் இங்கிலாந்தின் கதையைப் பார்ப்போம். 1878ஆம் ஆண்டில் ஹரோகேற் என்ற ஊரில் சைக்கிள் சுற்றுலாக் கழகம் ஒன்று தோன்றியது. இரண்டு சில்லுகளும் ஏறத்தாழ ஒரே அளவான, சங்கிலி பூட்டிய சைக்கிளை 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி அறிமுகப்படுத்தினார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். ஆலைத் தொழிலாளியும் எழுதுவினைஞரும் ஆசிரியையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டுப்புறம் காணப் புறப்பட்டனர். செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நாட்டியவர்கள் இந்தச் சைக்கிள்காரர்களே. வீதிகளைச் செப்பனிடக் கோரி 1886இல் சங்கம் அமைத்தவர்களும் அவர்களே. வீதி நன்றாயிற்று. நன்றான வீதியில் மோட்டார் வண்டி வந்தது. வீதிக்காகக் குரல் கொடுத்தவன் வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான்.

அவனுக்கு மீண்டும் வழி பிறந்தது ஒரு சாவிலிருந்து. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து, இலாபம் தராத புகையிரதப் பாதைகள் ஆயிரக்கணக்கான மைல்கள் மூடப்பட்டன. பிரிஸ்டலையும் பாத்தையும் இணைத்த பழைய பாதையில் 1966இல் பயணிகள் சேவை நின்றது. 1977இல் பிரிஸ்டலில் உருவான சைக்கிள்பாக் என்ற குழுவினர் அந்தக் கைவிடப்பட்ட மேட்டில் கண் வைத்தனர். பொறியியலாளர் ஜோன் கிறிம்ஷோ முன்னின்றார். தொண்டர்கள் பற்றை வெட்டி, சல்லி பரவி, 1979 முதல் 1986 வரை துண்டு துண்டாக அந்தப் பாதையை அமைத்தனர். நீளம் ஏறத்தாழ 21 கிலோமீற்றர். புகையிரதம் பெரிய ஏற்றம் ஏறாது. ஆகவே அதன் பாதை சைக்கிளுக்குத் தோதானது. அந்தக் குழுவே பின்னர் சஸ்ட்ரான்ஸ் எனப் பெயர் பெற்று, 1995இல் தேசிய லொத்தர் நிதியிலிருந்து 43.5 மில்லியன் பவுண் பெற்று, நாடளாவிய சைக்கிள் வழிகளை அமைக்கத் தொடங்கியது.

புகையிரதம் செத்த மேட்டில் சைக்கிள் ஓடிய கதை நமக்கும் உண்டு, நேயர்களே. காங்கேசன்துறை வரையான வடக்குப் பாதை 1905இல் நிறைவுற்றது. அதில் 1956 முதல் யாழ்தேவி ஓடியது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு அந்த ஓட்டம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. எஞ்சிய வெறும் மேட்டில், கிளிநொச்சிப் பக்கம், சிறுவனாக நானும் சைக்கிள் ஓடியிருக்கிறேன். அங்கே தொண்டர்கள் இல்லை, திட்டம் இல்லை. போர் ஒன்றுதான் இருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வன்னிக்கு எரிபொருளும் மின்கலமும் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய சில வாகனங்களையும் உழவு இயந்திரங்களையும் விட்டால், வீதி முழுவதும் சைக்கிளுக்கே. பொதுவில் சைக்கிள் என்றாலும், அலுவலகக் கடிதத்தில் அது துவிச்சக்கரவண்டி. தனித்தமிழ் ஆர்வலருக்கு ஈருருளி. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் இருந்தால் அது மக்களின் வாழ்வோடு எவ்வளவு ஒட்டியது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? விறகு அதில் போனது. நெல்மூட்டை போனது. காய்ச்சல்காரர் கரியரில் இருந்து, ஓடுபவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார். 1996இல் கிளிநொச்சி நகரை விட்டு மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, ஜெயபுரம் என்று சிதறி வந்தபோது, ஒரு குடும்பத்தின் பானை சட்டியெல்லாம் ஒரே சைக்கிளில் வந்ததைக் கண்டவன் நான்.

இரவில் அதே சைக்கிள் எங்களுக்கு மின்நிலையமாகியது. முற்றத்தில் ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, இரண்டு வயர்களை வானொலிக்குக் கொடுத்துவிட்டு அண்ணா மிதிப்பார். பி.பி.சி. தமிழோசை கேட்க அயலவர்கள் வேலியோரம் கூடுவார்கள். மிதி தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "தம்பி, மிதியடா!" என்று ஒரு அப்பு இருளுக்குள்ளிருந்து அதட்டுவார். வானொலியில் இலக்கியம் பேச எனக்கு இன்று வாய்த்திருக்கிறது. ஒலிவாங்கியின் முன் அமரும்போதெல்லாம் அண்ணாவின் முழங்கால்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்தக் காலத்தை அழகுபடுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. 1992இல் எனக்குப் பன்னிரண்டு வயது. மண்ணெண்ணெய் வாங்கிவர ஐயா என்னை முழங்காவிலுக்கு அனுப்பினார். கால் எட்டாததால் பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடினேன். போகவும் வரவும் வீதியில் ஒரு வாகனமும் இல்லை. திரும்பும் வழியில் வானத்தில் இரைச்சல் கேட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓரப் பள்ளத்தில் குப்புறப் படுத்தேன். விமானம் எங்கோ போய்விட்டது. எழுந்து பார்த்தபோது சைக்கிளின் முன்சில்லு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. போத்தல் உடைந்து, மண்ணெண்ணெய் செம்மண்ணில் ஊறிப்போயிருந்தது. பொன்னாக மதித்த எண்ணெய். ஐயா ஏசவில்லை. அதன் பிறகு ஒருநாளும் என்னைத் தனியே அனுப்பவுமில்லை.

சஸ்ட்ரான்ஸ் அமைப்பு 2018இல் தன் வழிகளை மீளாய்வு செய்தபோது ஓர் அளவுகோல் வைத்தது. புத்தியுள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இந்த வழியில் தனியே போய்வரலாமா என்பதே அது. நீண்ட பல பகுதிகள் அதில் தேறவில்லை. 2020இல் அவற்றுள் பலவற்றைத் தம் வலையமைப்பிலிருந்து அவர்களே நீக்கினார்கள். இதை வாசித்தபோது அந்த உடைந்த போத்தல் நினைவுக்கு வந்தது. வாகனம் இல்லாதிருப்பது மட்டும் ஒரு வீதியை நல்ல வீதியாக்கிவிடாது என்று என் நண்பரிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும்.

அந்த அளவுகோலை இன்றைய ஜெயபுரம் வீதியில் வைத்துப் பார்க்கலாம். 2008இல் இந்த வீதிகளால் இடம்பெயர்ந்த மக்கள், போர் முடிந்து மீள வந்தனர். 2011 தை மாதத்தில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. மன்னார் பூநகரி வீதி கண்ணாடி போலாயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் குறுக்குவழி கண்ட கனரக வாகனங்கள் இப்போது எங்கள் சந்தியால் பறக்கின்றன. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் தார் விளிம்பில் ஒடுங்கி ஒடுங்கிச் சைக்கிள் ஓடுகிறார்கள். சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி, கடந்துபோன லொறியின் காற்றுக்கே நிலைதடுமாறிப் பள்ளத்துள் விழுந்தாள். பள்ளம் எனக்குப் பழக்கமானது; இன்று காரணம்தான் வேறு. 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பட்டபோது சில மாதங்கள் வீதி ஓய்ந்தது. கொழும்பும் சைக்கிளைத் தேடியது. பெற்றோல் வந்தது, எல்லாரும் மறந்தார்கள்.

நமக்கு வழி இல்லாமலில்லை. பாத் நகருக்கு அப்பால் கால்வாய்க் கரையையே சைக்கிள் வழியாக்கியிருக்கிறார்கள். நம்மிடம் அக்கராயன் குளக்கட்டு உண்டு; வன்னேரிக்குளக் கட்டு உண்டு; வயல்களை ஊடறுத்துப் போகும் வாய்க்கால் கரைகள் உண்டு. பற்றை வெட்டி, கிரவல் பரவி, யானை வரும் இடங்களில் வேலியும் வெளிச்சமும் கொடுத்தால், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சில வழிகளையாவது திறக்கலாம். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையல்ல. பிரிஸ்டலில் அதைத் தொடங்கியவர்களும் மண்வெட்டி பிடித்த சாதாரண மனிதர்களே.

அந்த மாணவி இப்போது தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் வருகிறாள். அவளுடைய சைக்கிள் வீட்டுத் தாழ்வாரத்தில் காற்றிறங்கி நிற்கிறதாம். "எப்ப திரும்ப ஓடப் போறாய் பிள்ளை?" என்று கேட்டேன். "ஐயா விடமாட்டார், சேர்" என்றாள்.

அந்த ஐயாவை நான் குறைசொல்லமாட்டேன். அவர் நம்பி அனுப்பத்தக்க ஒரு வழியை நாம் இன்னும் போட்டுக் கொடுக்கவில்லை.