கெல்லி மாளிகை: அது யாருடைய கலை?

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ராயா ஆற்றை ஒட்டி நிற்கும் கெல்லி மாளிகையைப் பார்க்காத பேராக் மாணவர் குறைவு. ஆனால் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் பேய்க்கதை எழுதுவார்கள்; மீதிப் பேர் ஒரு வெள்ளைக்காரர் தம் மனைவிக்காகக் கட்டிய வீடு என்று எழுதுவார்கள். அந்தச் செங்கலும் அதை அடுக்கிய கைகளும் எங்கிருந்து வந்தன என்று யாரும் எழுதுவதில்லை. தமிழ்ப் பாடத்துக்கு அதுதானே முக்கியம்?

முதலில் தேவையான விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்து, காடழிக்கும் குத்தகை வேலையில் பணம் சேர்த்து, கிந்தா மாவட்டத்தில் நிலம் வாங்கி ரப்பர் போட்டார். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் தம் சொந்த ஊரான கெல்லாஸின் பெயரையே வைத்தார். முதலில் ஒரு வீடு கட்டினார். 1915இல் மகன் பிறந்த பிறகு அதை ஒட்டியே பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், அதற்கு மின்தூக்கி, மொட்டைமாடியில் விருந்து என்று திட்டம் பெரிதாகத்தான் இருந்தது.

இனிதான் விஷயம். துரைக்கு இந்து சமயத்திலும் இந்தியக் கட்டடக் கலையிலும் ஈடுபாடு அதிகம். வளைவுகள், தூண்கள் எல்லாம் மதராஸ் கட்டடங்களின் சாயலில் வேண்டும் என்றார். செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வேலை செய்ய மதராஸிலிருந்து எழுபது பேரை வரவழைத்தார் என்பார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் விரும்பியது நம் கிராமத்துத் திண்ணை வீட்டை அல்ல. முகலாய வளைவையும் ஐரோப்பிய அமைப்பையும் சேர்த்து ஆங்கிலேயர் உருவாக்கிய இந்தோ-சாரசெனிக் பாணியை. 1892இல் கட்டி முடித்த மதராஸ் உயர்நீதிமன்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்கத்திலேயே வேண்டுமென்றால், ஹப்பேக் வடிவமைத்து 1917இல் முடிந்த ஈப்போ ரயில் நிலையத்தின் குவிமாடத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் காரைக்குடிப் பக்கம் கொண்டுபோய் வீடு கட்டினார்கள். கெல்லி மதராஸைப் பேராக்குக்குக் கொண்டுவந்தார் என்றால், அவர்கள் அயலகத்தைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஆடம்பர வீட்டுக்காரர்கள் ஆத்தங்குடிக் கல்லும் ஊஞ்சலும் குத்துவிளக்கும் தேடி வாங்குகிறார்களே, அந்த ஆசை ஒன்றும் புதுசு இல்லை.

ஆனால் கெல்லி மாளிகையை எழுப்பிய காலத்தில் தோட்டத்துத் தமிழர் எங்கே குடியிருந்தார்கள்? லயத்தில். ஒரே கூரை, பொதுச் சுவர், வரிசையாக அறைகள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றுபோனாலும் கங்காணி வழி ஆள் வருவது நிற்கவில்லை. அந்தச் சின்ன அறையிலும் சுவரில் சாமிப் படம் இருந்தது, வாசலில் கோலம் இருந்தது. பண்பாட்டு மரபு என்று எழுதும்போது மாளிகையின் வளைவை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் கட்டுரை பாதிதான்.

பிறகு 1918இன் ஸ்பானியக் காய்ச்சல் வந்தது. கட்டட வேலையாட்களில் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய்க் கோயில் கேட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது. நோய் வந்தால் நம் மக்கள் தேடுவது மாரியம்மாவைத்தானே! நன்றிக்கடனாகத் தெய்வ உருவங்களோடு துரையின் உருவத்தையும் வைத்தார்கள். என்னைக் கேட்டால், பேராக்கில் இரு பண்பாடும் உண்மையாகக் கலந்த இடம் மாளிகை அல்ல, அந்தக் கோயில்தான். மாளிகையில் ஒருவர் பணம் கொடுத்தார், மற்றவர் உழைத்தார். கோயிலில் உழைத்தவர்களே கேட்டார்கள், உருவம் வைப்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

1926இல் கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஆக்னஸ் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் நிறுவனத்துக்கு விற்றார். வேலை பாதியில் நின்ற மாளிகையைக் காடு மூடியது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை மாணவர்களைப் பத்து காஜாவுக்கு அழைத்துப் போனால் கோயிலுக்கு முதலில் போங்கள், மாளிகைக்குப் பிறகு போகலாம். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருக்கும் பிள்ளைகள், லயத்து வீட்டில் எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டு எழுதிவரட்டும். சாமி மாடம், அம்மிக்கல், பால்வாளி மாட்டிய ஆணி என எது கிடைத்தாலும் சரி. தேர்வுக் கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.