தகடூர் யாத்திரையும் மதுரைத் திட்டமும்

தகடூர், தருமபுரியின் பழம்பெயர். அவ்வூர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் புறத்திரட்டின் வழியே சில பாடல்கள் எஞ்சின. ஏடு அழிந்து நூல் போனது அக்காலம். ஏடு இருந்தும் எழுத்தைப் படிக்கவியலாமற் போவது கணினிக் காலத்துக் கேடு.

1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதை எதிர்கொண்டது. முதலில் அவருடைய மயிலை எழுத்துரு, அடுத்துத் திஸ்கி, பின்னர் யூனிகோடு எனக் குறியேற்றம் மாறிற்று. எச்.டி.எம்.எல்., பி.டி.எஃப் இரண்டிலும் நூல்களை வெளியிட்டனர். பி.டி.எஃப் எழுத்துருவைத் தன்னுள் பொதிந்து பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். குறியேற்றம் பழையதெனில் அதற்குள் ஒரு சொல்லைத் தேடியெடுப்பது அரிது. தோற்றமா சொல்லா எனில் நான் சொல்லின் பக்கம். ஆகவே யூனிகோடில் அமைந்த எச்.டி.எம்.எல்.

என் பழைய பாடக்குறிப்புகள் குறுந்தகட்டில் பத்திரமாக உள்ளன. அவற்றைத் தட்டச்சிட்ட எழுத்துருதான் எங்கும் அகப்படவில்லை.