ரூவான் நகரும் நம் புதுவையும்



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் ஆகமம் கூறும் யூபிலியோ கணக்குத் தீர்க்கும் ஆண்டு. அடிமை தன் வீடு திரும்ப வேண்டும். கைமாறிய நிலம் உரியவனிடம் சேர வேண்டும். ஆகவே இவ்விழா நாளில் நம் முன்னோரின் பெருமையோடு அவர்தம் குறைகளையும் நினைத்துப் பார்ப்பது தகும். அதற்கென உங்களை ஒரு சிறு யாத்திரைக்கு அழைக்கிறோம்.

பாரதியாரின் குயில் தோப்பால் பெயர் பெற்ற நம் கருவடிக்குப்பத்திலிருந்து தெற்கே கடற்கரை வழியாகச் சென்றால், 1855ல் கட்டி முடிக்கப்பெற்ற தூதர்களின் அன்னை ஆலயத்தை, அதாவது நம் மக்கள் வாயில் வழங்கும் கப்ஸ் கோவிலைக் காண்கிறோம். அதன் எதிரே ஒரு சிறு தோட்டத்தில் புனித ழான் தார்க் சிலையாக நிற்கிறார். அவ்வழியே எத்தனையோ முறை போயிருப்போம். அவர் யார், எங்கே இறந்தார் என்று கேட்டிருக்கிறோமா?

பிரான்சு நாட்டின் வடக்கே நார்மண்டிப் பகுதியில், சேன் நதிக்கரையில் ரூவான் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அதன் பேராலயத்தின் கூர்ங்கோபுரம் 151 மீட்டர் உயரம். மற்றொரு கோபுரத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்று பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த காணிக்கையால் அது எழுந்தது என்பர். இந்நகரின் பழைய சந்தைத் திடலில்தான் 1431 மே 30ஆம் நாள், பத்தொன்பது வயதுடைய ழான் உயிரோடு எரிக்கப்பட்டார். சாம்பலை ஆற்றில் வீசினர். தண்டனையை நிறைவேற்றியது ஆங்கிலேயர் ஆட்சி. ஆனால் அவர் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது ஓர் ஆயர் தலைமையில் கூடிய திருச்சபை நீதிமன்றம்! 1456ல் திருச்சபையே அத்தீர்ப்பைச் செல்லாது என்று அறிவித்தது. 1920ல் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

1944ஆம் ஆண்டுப் போரில் குண்டுமழையால் ரூவான் சிதைந்தது. பேராலயம் பெருஞ்சேதமுற்றது, புனித வின்சென்ட் கோவில் அழிந்தே போனது. எனினும் அதன் பதினாறாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தனர். 1979ல் பழைய சந்தைத் திடலில் ழானின் பெயரால் ஒரு புதுக்கோவில் முடிவுற்றபோது, அக்கண்ணாடிகள் அங்கே பொருத்தப்பட்டன. அவரை எரித்த இடத்தில் ஓர் உயர்ந்த சிலுவை நிற்கிறது. அந்நகர் தன் அழகைக் காத்தது. தன் அவமானத்தையும் மறைக்கவில்லை.

இந்த ரூவானுக்கும் நமக்கும் வேறோர் உறவும் உண்டு. அங்கே மன்ற அலுவலராகப் பணியாற்றிய லம்பேர் தெ லா மோத் என்பவர், பின்பு குருவாகி ஆயராகிப் பாரீசு வேதபோதகச் சபையை நிறுவியோருள் ஒருவரானார். அச்சபைக் குருக்களே 1776 முதல் புதுவை மறைபரப்புப் பணியை ஏற்று நடத்தினர்.

இனி நம் சம்பா கோவிலுக்குச் செல்வோம். டச்சுக்காரர் 1693ல் நகரைப் பிடித்தபோது முதற்கோவில் அழிந்தது. 1761ல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது பின்னர் எழுந்த பெரிய கோவிலும் வீழ்ந்தது. இன்று நாம் காணும் பேராலயம் 1791ல் அபிஷேகம் பெற்றது. இடித்தவர்களை நினைவில் வைத்திருக்கிறோம். நம்மவர் செய்ததை?

ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இரு நிகழ்ச்சிகளை எழுதி வைத்துள்ளார். அந்நாளைய சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அம்மக்களே முறையிட்டதால் 1745ல் அது இடிக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து 1748ல், துய்ப்ளேக்சு ஆட்சியில், கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. பின்னாளில் அவ்வாலயம் வேறிடத்தில் எழுந்து, இன்றும் பூசை காண்கிறது. நம் அண்டை வீட்டார் பட்ட அந்த வேதனையை நாம் மலர்களில் எழுதுவதில்லை. சுவரோ, கோவிலுக்குள் விழுந்தும் மனங்களில் விழவில்லை; தமிழகத்தில் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்திலும் அது எழும்பியதை அறிவோம்.

ஆகவே அன்பர்களே, இந்த யூபிலி ஆண்டில் இரு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களையும் பெரியோர் சொல்லும் செய்திகளையும் பங்கு இல்லத்தில் கொண்டுவந்து சேருங்கள். அவை நம் வண்ணக் கண்ணாடிகள். ஒதுக்கப்பட்டவர்களும் மனம் நொந்து விலகியவர்களும் நம்மிடையே இருந்தால், அவர்கள் வீட்டுப் படியேறி அழைத்து வாருங்கள். திருச்சபை தன் தவற்றைத் திருத்த இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. நாம் அத்தனை காலம் காத்திராமல் இருப்போமாக!