வசந்த வாரத்தில் மைதானத்துக்கு வந்த பெண்கள்

பெண்கள் கல்லூரியொன்றின் வரலாறு எழுதப்படும்போது அதிபர்களின் வரிசை, எழுந்த கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவையே முதலிடம் பெறுகின்றன. ஆனால் பழைய மாணவிகளாகிய நாம் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சந்தித்துக்கொண்டால், பேச்சு விரைவிலேயே விளையாட்டுப் போட்டி வாரத்துக்குப் போய்விடும். சுண்ணாம்புக் கோடு இழுத்த மைதானம், குருத்தோலையும் வண்ணத் தாளும் கொண்டு விடிய விடியச் செய்த இல்லச் சோடனை, அணிநடைப் பயிற்சியில் தொண்டை கட்டிய தலைவி, அஞ்சலோட்டத்தில் கைநழுவிய கோல் என்று கதை நீளும். கணித பாடத்தில் எடுத்த புள்ளி மறந்துபோயிருக்கும். எந்த இல்லத்தில் இருந்தோம் என்பது மறக்காது.

படிப்பதற்காகவே எழுந்த பெண்கள் கல்லூரிகளில், ஆண்டுக்கு ஒரு வாரமாவது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வரும் இந்த வழக்கம் எப்படி உருவானது? அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பெண்கள் கல்லூரிகளில் எழுதப்பட்டது. அங்கே குளிர்காலம் முடிந்து புல் தளிர்க்கும் ஏப்ரல் இறுதியும் மே தொடக்கமுமே கொண்டாட்டக் காலம். அந்தக் கொண்டாட்டங்களின் பின்னணியில் ஒரு மருத்துவ வாதம் இருந்தது என்பதால், எம்மில் வைத்தியத் துறைக்கு வந்தவர்களுக்கு இந்த வரலாறு இன்னும் நெருக்கமானது.

ஒரு வைத்தியரின் எச்சரிக்கை

1873ஆம் ஆண்டு, ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியில் முன்னர் பேராசிரியராக இருந்த எட்வேர்ட் கிளார்க் பெண்கல்வி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பூப்பெய்தும் வயதில் பெண்ணின் உடல், கருப்பையும் சூலகமும் வளர்வதற்காகத் தன் சக்தியைச் செலவிட வேண்டும். அந்த வயதில் ஆண்பிள்ளைகளைப் போல மூளையை வேலைவாங்கினால் அந்தச் சக்தி திசைமாறி, பெண் நோயாளியாவாள், பிள்ளைப்பேற்றுக்கும் உதவாதவளாவாள் என்பது அவரது வாதம். ஆதாரமாக அவர் காட்டியது தம்மிடம் வந்த சில நோயாளிகளின் கதைகளை மட்டுமே. ஆயினும் நூல் பல பதிப்புகள் கண்டது. அதை எழுதியவர் வைத்தியர் என்பதால் பெற்றோர் பயந்தார்கள்.

அந்தப் பயம் சிறியதல்ல. மவுண்ட் ஹோலியோக் 1837இலும் வாசார் 1865இலும் தொடங்கியிருந்தன. வெல்ஸ்லியும் ஸ்மித்தும் 1875இல் திறக்கப்படவிருந்தன. பிறின் மோர் கல்லூரி 1885இல் வந்தது. அதன் இரண்டாவது தலைவரான கேரி தோமஸ், பெண்ணின் உடல் உயர்கல்வியைத் தாங்குமா என்பது தொடக்க காலத்தில் தமக்கே தெரியாமலிருந்தது என்றும், கிளார்க்கின் நூல் பேயைப் போலத் தம்மைத் துரத்தியது என்றும் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார்.

எண்களால் வந்த பதில்

முதற் பதில் ஒரு பெண் வைத்தியரிடமிருந்து வந்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த மேரி புட்னம் ஜகோபி, மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு ஓய்வு அவசியமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். பெண்களிடம் வினாக்கொத்து அனுப்பித் தகவல் திரட்டினார். நாடித்துடிப்பை அளந்தார், தசை வலிமையைச் சோதித்தார். நல்ல உடல்நிலையிலுள்ள பெண் அந்நாட்களில் தன் வேலையை நிறுத்தவேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தார். எழுதியவர் யாரென்று தெரியாமல் அனுப்பப்பட்ட அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹாவர்டின் பொய்ல்ஸ்ரன் பரிசு கிடைத்தது. கிளார்க் கற்பித்த பல்கலைக்கழகமே அவரை மறுத்த பெண்ணுக்குப் பரிசு கொடுத்தது.

இரண்டாவது பதில் பழைய மாணவிகளிடமிருந்தே வந்தது. பல கல்லூரிகளின் பட்டதாரிப் பெண்கள் சேர்ந்து அமைத்த சங்கம், தம் உறுப்பினரின் உடல்நிலை பற்றி ஓர் ஆய்வு நடத்தி 1885இல் வெளியிட்டது. பதிலளித்த 705 பேரில் ஏறத்தாழ 78 சதவீதத்தினர் நல்ல உடல்நலத்துடன் இருந்தனர். தேநீர் விருந்துக்கும் நிதி சேர்ப்புக்கும் மட்டும்தான் பழைய மாணவிகள் சங்கம் என்று எம்மைப் பகிடி பண்ணுவோருக்கு, இந்த ஒரு சான்று போதும்.

மூன்று நாட்கள், மூன்று கல்லூரிகள்

மூன்றாவது பதில் புல்வெளியில் கிடைத்தது. வாசார் கல்லூரி தொடக்க ஆண்டுகளிலேயே உடற்பயிற்சிக் கூடத்தையும் வதியும் பெண் வைத்தியர் ஒருவரையும் கொண்டிருந்தது. அதை நிறுவிய மத்தியூ வாசார், பியர் தயாரிப்புச் சாலை நடத்திச் செல்வம் சேர்த்தவர். அவருடைய பிறந்தநாள் ஏப்ரல் 29. 1866இல் மாணவிகள் அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து அந்த நாளைக் கொண்டாடினார்கள். அன்றிலிருந்து நிறுவுநர் தினம் அக்கல்லூரியின் வசந்த விழாவாயிற்று.

பிறின் மோரில் 1900 மே முதலாம் திகதி ஒரு பெருவிழா நடந்தது. மாணவிகள் சங்கத்துக்கென ஒரு கட்டடம் கட்டப் பணம் வேண்டும். அதற்காக எலிசபெத் மகாராணி காலத்து ஆங்கிலக் கிராமத் திருவிழாவை வளாகத்தில் அரங்கேற்றலாம் என்று பழைய மாணவி எவஞ்சலின் வோக்கர் அன்ட்றூஸ் முன்மொழிந்தார். மாட்டுவண்டி, ஊர்வலம், மரங்களின் கீழ் நாடகங்கள் எல்லாம் இருந்தன. றொபின் ஹூட் முதலான ஆண் பாத்திரங்களையும் பெண்களே நடித்தார்கள். பச்சைப் புல்லில் நட்ட உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து வண்ண நாடாக்கள் தொங்க, அவற்றைப் பிடித்தபடி மாறி மாறிச் சுற்றி ஆடிக் கம்பத்தில் பின்னினார்கள். பின்னல் கோலாட்டம் ஆடிப் பழகிய எமக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடந்த இந்தப் பெருவிழா 1936உடன் நின்றது. சிறிய அளவிலான மே விழா, வெள்ளை உடையும் ஸ்ட்றோபெரிப் பழக் காலையுணவுமாக இன்றும் நடக்கிறது.

வெல்ஸ்லியில் 1895 முதல் வசந்த காலத்தில் வளையமுருட்டும் ஓட்டம். இறுதியாண்டு மாணவிகள் பட்டமளிப்பு அங்கியுடன் மர வளையத்தைக் கோலால் தட்டி உருட்டிக்கொண்டு ஓடுவார்கள். எம்மூரில் சைக்கிள் வளையம் உருட்டிய தம்பிமாரின் விளையாட்டேதான். முதலில் வருபவளுக்கே வகுப்பில் முதலில் கல்யாணம் நடக்கும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1980களில் அது, முதலில் பெரிய நிறுவனமொன்றின் தலைவியாவாள் என்று மாறியது. இப்போது, எது வெற்றியென்று அவளே தீர்மானித்து அதை முதலில் அடைவாள் என்கிறார்கள். பந்தயம் மாறவில்லை, பரிசுக்கான விளக்கம்தான் மாறிற்று. ஒரு முறை ஹாவர்ட் மாணவர் ஒருவர் பெண் வேடத்தில் புகுந்து முதலில் வந்துவிட்டார். பெண்கள் அவரைத் தூக்கிப் பக்கத்து ஏரிக்குள் போட்டார்கள்.

இந்தக் கொண்டாட்டங்களுக்குள் எல்லாப் பெண்களும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிறின் மோரில் முதலாவது கறுப்பினப் பெண் பட்டம் பெற்றது 1931இல்தான். ஈனிட் குக் என்ற அந்த மாணவிக்கு விடுதியில் இடமில்லை. வெளியே தங்கிப் படித்தார். பின்னர் பனாமாவில் நுண்ணுயிரியல் ஆய்வாளராகப் பெயர்பெற்றார்.

கூடையிலிருந்து வலைக்கு

எமது கல்லூரியின் பெருமைக்குரிய வலைப்பந்தாட்டத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு வேர் உண்டு. 1891 டிசம்பரில் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அயலூரிலிருந்த ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைக் கேள்விப்பட்டு, தம் மாணவிகளுக்கேற்ப மாற்றினார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே ஆடவேண்டும் என்று விதித்தார். 1893 மார்ச்சில் முதலாம் ஆண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினார்கள். பார்வையாளராக ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. 1890களிலேயே அந்த ஆட்டம் இங்கிலாந்தின் பெண்கள் உடற்கல்விக் கல்லூரியொன்றுக்குப் போய் வலைப்பந்தாட்டமாக உருமாறியது. கோட்டைத் தாண்டினால் நடுவர் விசில் ஊதுவாரே, அந்தக் கோட்டின் பூர்வீகம் ஸ்மித் கல்லூரியில் இருக்கிறது. பெண்கள் களைத்துவிடுவார்கள் என்ற கவலைக்கு ஒரு சமரசமாக வந்த கோடு அது.

பாதித் தூரத்தில் நின்றவர்கள்

பொஸ்டன் மரதன் ஓட்டம் 1897 ஏப்ரல் 19இல் தொடங்கியது. ஏறத்தாழப் பாதி வழியில் அது வெல்ஸ்லி கல்லூரி வாசலைக் கடக்கிறது. முதல் ஆண்டிலிருந்தே மாணவிகள் வீதியோரம் நின்று ஓட்டக்காரரை உற்சாகப்படுத்தினார்கள். ஆனால் அந்த வீதியில் ஓடப் பெண்களுக்கு அனுமதி இல்லை. 1928 ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுத, அந்தப் போட்டி 1960 வரை பெண்களுக்கு நிறுத்தப்பட்டது. கிளார்க் இறந்து அரை நூற்றாண்டு கடந்தும் அவருடைய வாதம் உயிரோடிருந்தது.

1966இல் பொபி கிப் என்ற இளம்பெண் பொஸ்டன் ஓட்டத்துக்கு விண்ணப்பித்தார். பெண்ணுடல் அவ்வளவு தூரத்தைத் தாங்காது என்று பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டருகே பற்றைக்குள் மறைந்திருந்து, ஓட்டக்காரருடன் கலந்து ஓடினார். பெண்ணொருத்தி ஓடி வருகிறாள் என்ற செய்தி அவருக்கு முன்னரே வெல்ஸ்லிக்குப் போய்விட்டது. மாணவிகள் கத்தியும் துள்ளியும் அழுதும் அவரை வரவேற்றார்கள். 3 மணி 21 நிமிடம் 40 வினாடியில் ஓடி முடித்தார். பெண்கள் அதிகாரபூர்வமாக அந்த ஓட்டத்தில் சேர்க்கப்பட்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் வந்தது 1984இல்.

எமது முற்றத்தில்

அமெரிக்காவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இந்த விடயத்தில் தொடர்பு இல்லாமலில்லை. அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது 1824இல். மவுண்ட் ஹோலியோக் பிறப்பதற்கு 13 ஆண்டுகள் முந்தி! 1840இல் வந்த எலைசா அக்னியூ, ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஊர் திரும்பாமல் அங்கே கற்பித்தார். 1896இல் கனடாவிலிருந்து அமெரிக்க மிஷனின் பணிக்கு வந்த இளம் வைத்தியர் மேரி ஏர்வின், பிற்காலத்தில் மேரி இரத்தினம் என்ற பெயரில் நாடறிந்தவர், பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கான சுகாதார நூல்கள் எழுதினார். இலங்கை மகிளா சமித்தியை உருவாக்கினார்.

கிளார்க்கின் நூல் எமது வீடுகளுக்கு வந்திராது. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெரியபிள்ளையானவள் ஓடித் திரியக்கூடாது என்ற அம்மம்மாமாரின் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு வாரம் விலக்குக் கிடைத்த இடம் பாடசாலை மைதானம். தை, மாசி மாதங்களில் இல்லப் போட்டி வந்துவிட்டால், பதினைந்து வயதுப் பெண் முழு ஊரும் பார்க்க ஓடலாம், பாயலாம், வென்றால் கைகளை உயர்த்தலாம். அம்மம்மாவும் கதிரையில் இருந்து கைதட்டுவார். போர்க்காலத்தில், இடம்பெயர்ந்து திரும்பிய ஆண்டுகளில்கூட, ஆசிரியைகள் எப்படியாவது அந்த வாரத்தை நடத்தினார்கள். அந்த நாட்களில் அது எமக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதைத் தொழிலுக்கு வந்த பின்னர்தான் சரியாக விளங்கிக்கொண்டோம்.

இன்று எதிர்த்திசையில்

இன்று வாதம் தலைகீழாகிவிட்டது. படித்தால் உடல் கெடும் என்றார் கிளார்க். விளையாடினால் படிப்புக் கெடும் என்கிறோம் நாம். சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் பிள்ளையை மைதானத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். பின்னேரங்கள் ரியூஷனுக்குப் போய்விட்டன. விளையாட்டிலிருந்து விலக்குக் கேட்டு மருத்துவச் சான்றிதழுக்கு வரும் தாய்மாரை எம்மில் வைத்தியர்களாக இருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். பெரும்பாலும் பிள்ளைக்கு நோய் ஒன்றும் இராது.

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் அந்த அளவை எட்டுவதில்லை. எலும்பின் உறுதி பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான். ஒழுங்கான உடற்பயிற்சி மாதவிடாய் வலியைக் குறைக்கவும் உதவுகிறது. வலி என்பதற்காக மைதானத்தை விட்டு நிறுத்துவது பல பிள்ளைகளுக்குத் தலைகீழான வைத்தியம்.

நூற்றாண்டு காணும் எமது சங்கம் நிறையச் செய்திருக்கிறது; இன்னும் செய்யும். அடுத்த கட்டடத்துக்கு நிதி சேர்க்கும்போது மைதானத்தையும் பட்டியலில் சேர்ப்போம். உடை மாற்ற ஓர் அறை, சுத்தமான மலசலகூடம், தேவைப்படும் பிள்ளைக்குத் தயக்கமின்றிக் கிடைக்கும் சுகாதார அணையாடை, நிரந்தரமான ஒரு பயிற்றுநர் ஆகியவை பெரிய செலவுகளல்ல. பரீட்சை ஆண்டுப் பிள்ளைகளையும் அந்த வாரத்தில் ஓடவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல எம்மைவிடப் பொருத்தமானவர் இல்லை. நாம் ஓடினோம், படித்தோம், இரண்டும் நடந்தது.

வரும் மாசியில் ஊருக்கு வருபவர்கள் பழைய மாணவிகள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். முழங்கால் நோவுள்ளவர்களுக்குச் சங்கீதக் கதிரை உண்டு.